கல் போகும் ஊர், கடன் வரும் ஊர்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் இருந்து லாரி லாரியாக வெளியே போகும் கிரானைட்டும், இங்குள்ள ஆழ்துளைக் கிணறுகளில் ஊறும் புளூரைடும் ஏறத்தாழ ஒரே வகைப் பாறையில் இருந்து வருபவை. இந்தக் கெட்டிப் பாறைகளில் உள்ள பயோடைட், அபடைட் முதலான கனிமங்களில் புளூரின் கலந்திருக்கிறது. மழை குறைந்து, பாறை இடுக்குகளில் தண்ணீர் நெடுநாள் தேங்கி நிற்கும் நிலத்தில் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து குடிநீருக்கு வந்து சேர்கிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. பென்னாகரம், பாலக்கோடு, நல்லம்பள்ளிப் பகுதிகளில் அந்த வரம்பைத் தாண்டிய தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களை அவர்கள் சிரிக்கும்போதே அடையாளம் கண்டுவிடலாம். முன்பற்களில் காவி நிறக் கறை படிந்திருக்கும். வயதான பிறகு முட்டி மடங்காமல் போவதும் முதுகு நிமிராமல் போவதும் அதே தண்ணீரின் வேலைதான். இந்தப் பாதிப்புக்குப் புளூரோசிஸ் என்று பெயர்.

கல் நல்ல விலைக்குப் போனது. நஞ்சு ஊரிலேயே தங்கியது. அந்த நஞ்சுக்கு மாற்றாகக் காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவர ஜப்பானிடம் கடன் வாங்க வேண்டியிருந்தது. 2008 மார்ச்சில் ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு வங்கியுடன் 2,238.7 கோடி யென்னுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே ஆண்டு அக்டோபரில் அந்த வங்கியின் உதவிக் கடன் பிரிவு ஜைக்கா என்ற ஜப்பான் அரசின் உதவி நிறுவனத்தோடு சேர்ந்துவிட்டதால், மாவட்டத்தில் இதைப் பலரும் ஜைக்கா திட்டம் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். ஒகேனக்கல் குடிநீர் மற்றும் புளூரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம் என்பது அரசாங்கப் பெயர். மொத்த மதிப்பீடு 1,928.80 கோடி ரூபாய். ஆண்டுக்கு 1.4 டி.எம்.சி. தண்ணீர் எடுக்க 1998லேயே ஒப்புதல் இருந்தும், அடிக்கல் நாட்டிய சில வாரங்களிலேயே கர்நாடகத்தில் எழுந்த எதிர்ப்பால் 2008 ஏப்ரலில் வேலை தள்ளிவைக்கப்பட்டது. பிறகு மீண்டும் தொடங்கி, 2013 மே 29 அன்று பயன்பாட்டுக்கு வந்தது. ஒகேனக்கல்லில் எடுத்த தண்ணீரை யானைப்பள்ளத்தில் சுத்திகரித்து, மடம் என்ற ஊரில் உள்ள தொட்டிக்கு ஏற்றி, அங்கிருந்து இரண்டு மாவட்டங்களுக்கும் பிரித்து அனுப்புகிறார்கள்.

குவாரிகள்தான் புளூரைடைக் கொண்டுவந்தன என்று நான் சொல்ல வரவில்லை. அது மண்ணிலேயே இருந்தது. என் கேள்வி வேறு. ஒரு நிலத்தில் இருந்து எடுத்த பொருளின் வருவாய், அந்த நிலத்தின் முதல் தேவைக்குக்கூட ஏன் எட்டவில்லை? எட்டாமல் போன இடத்தில்தானே வெளிநாட்டுக் கடன் வந்து நிற்கிறது? கனிமம் நிறைந்த நாடுகளுக்குப் போகும் வளர்ச்சி உதவியைப் பற்றி எதைப் படித்தாலும் நான் இந்த இடத்தில் இருந்துதான் தொடங்குகிறேன். உதவி எவ்வளவு வந்தது என்பதைவிட, அது எந்த ஓட்டையை அடைக்க வந்தது, அந்த ஓட்டையை யார் போட்டார்கள், அடைத்தபின் சாவி யார் கையில் இருக்கிறது என்பனதான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன.

சாம்பியாவை எடுத்துக்கொள்கிறேன். ஆப்பிரிக்காவில் காங்கோவுக்கு அடுத்தபடியாக மிகுதியாகத் தாமிரம் எடுக்கும் நாடு அது. ஏற்றுமதி வருவாயில் ஏறத்தாழ 70 விழுக்காடு தாமிரத்தில் இருந்தே கிடைக்கிறது. தலைநகர் லுசாகாவுக்கு வடக்கே கப்வே என்று ஒரு நகரம் இருக்கிறது. அங்கே 1902 முதல் 1994 வரை ஈயமும் துத்தநாகமும் எடுத்தார்கள். சுரங்கம் மூடப்பட்டது, கழிவு மேடுகள் அப்படியே கிடந்தன. காற்றடிக்கும்போது பறக்கும் அந்தப் புழுதி வீட்டு முற்றங்களில் படிந்து, மண்ணில் விளையாடும் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயமாகச் சேர்ந்தது. இதைச் சுத்தம் செய்யவும், குழந்தைகளுக்குச் சோதனையும் சிகிச்சையும் அளிக்கவும், தாமிரச் சுரங்க நகரங்கள் சிலவற்றைச் சீர்செய்யவும் 2016இல் உலக வங்கி ஏறத்தாழ 6.5 கோடி டாலர் தந்தது. தந்தது என்றால் கடனாக. சுரங்கத்தின் பழைய பங்காளிகளில் ஒன்றான ஆங்கிலோ அமெரிக்கன் குழுமத்தின் தென்னாப்பிரிக்க நிறுவனத்தின் மீது 2020இல் ஜோகன்னஸ்பர்க் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார்கள். நிறுவனம் பொறுப்பை மறுத்தது. 2023 டிசம்பரில் கூட்டு வழக்காக நடத்த அனுமதி மறுக்கப்பட்டது. ஆக, லாபம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கடல் தாண்டிப் போய்விட்டது. துடைக்கும் செலவு மட்டும் இன்றைய சாம்பியக் குடிமக்களின் தலையில் குறைந்த வட்டிக் கடனாக ஏறியிருக்கிறது. இதற்கும் வளர்ச்சி உதவி என்றுதான் பெயர்.

கொடுப்பவர்களைத் திட்டுவது சுலபம், அதில் எனக்கு ஆர்வமில்லை. கடன் இல்லாமல் இருந்திருந்தால் கப்வேயின் குழந்தைகளுக்கு அந்தச் சோதனைகூட நடந்திருக்காது. ஆனால் அதே கைகள் சில ஆண்டுகளுக்கு முன் என்ன செய்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1964இல் விடுதலை பெற்ற சாம்பியா, அந்தப் பத்தாண்டின் இறுதியில் கென்னத் கவுண்டாவின் ஆட்சியில் சுரங்கங்களின் பெரும்பங்கைத் தன் வசமாக்கியது. 1970களின் நடுவில் தாமிர விலை சரிந்தது. விலை மீண்டும் ஏறிவிடும் என்ற நம்பிக்கையில் கடன் வாங்கினார்கள், ஏறவில்லை. 1986 டிசம்பரில் பன்னாட்டுச் செலாவணி நிதியத்தின் நிபந்தனைப்படி மக்காச்சோள மாவுக்கான மானியத்தைக் குறைத்தபோது சுரங்க நகரங்களில் கலவரம் வெடித்தது. அடுத்த ஆண்டு மே மாதம் கவுண்டா நிதியத்துடனான உறவையே முறித்துக்கொண்டார். அது நெடுநாள் நீடிக்கவில்லை. 1990களில் அரசுச் சுரங்க நிறுவனம் நாளொன்றுக்குப் பத்து லட்சம் டாலர் அளவுக்கு நட்டப்பட்டுக்கொண்டிருக்க, அதை விற்றால்தான் அடுத்த தவணை உதவி என்று உதவி நாடுகள் கையை இறுக்கிக்கொண்டன. விற்றே ஆக வேண்டும் என்று ஊருக்கே தெரிந்த பொருளுக்கு என்ன விலை கிடைக்கும் என்பதைச் சந்தையில் மாடு விற்ற எவரும் சொல்வார்கள்.

அப்படி அவசரமாக எழுதப்பட்ட ஒப்பந்தங்கள் பலவற்றில் அரசுக்குச் சேர வேண்டிய ராயல்டி 0.6 விழுக்காடு. சட்டப் புத்தகத்தில் 3 விழுக்காடு என்று இருந்தும், ஒப்பந்தத்தில் 0.6. அதுவும் பல ஆண்டுகளுக்குச் சட்டம் மாறினாலும் இந்த விகிதம் மாறாது என்ற உறுதிமொழியோடு. இந்த ஒப்பந்தங்கள் இரகசியமாக இருந்தன. 2007 வாக்கில்தான் வெளியே கசிந்தன. 2008இல் அரசு விகிதத்தை 3 விழுக்காடாக உயர்த்தி, விலை ஏறும்போது கூடுதல் வரி என்றும் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அந்த ஆண்டின் இறுதியிலேயே உலகப் பொருளாதாரம் சரிய, 2009இல் கூடுதல் வரி கைவிடப்பட்டது.

இதன் நடுவில்தான் 2005 ஏப்ரலில் பெருங்கடன் ஏழை நாடுகளுக்கான தள்ளுபடித் திட்டத்தின் முடிவுப் புள்ளியை, அதாவது தள்ளுபடி உறுதியாகும் கட்டத்தை, சாம்பியா எட்டியது. அதையும் அடுத்த ஆண்டின் கூடுதல் தள்ளுபடியையும் சேர்த்தால், 700 கோடி டாலர் அளவுக்கு இருந்த வெளிக்கடன் 100 கோடிக்கும் கீழே இறங்கியது. உலகம் கைதட்டியது. தட்ட வேண்டிய செய்திதான். ஆனால் ஒரு கையால் கடனைத் தள்ளுபடி செய்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், தாமிர விலை வேகமாக ஏறிக்கொண்டிருந்தது, ராயல்டி 0.6 விழுக்காடாகவே நின்றது. கணக்கு எழுதுகிறவளாக எனக்கு இது ஒரே பேரேட்டின் இரண்டு பக்கங்கள். வரவுப் பக்கம் விட்டுக்கொடுத்த தொகையை எழுத மறந்துவிட்டு, செலவுப் பக்கத்தில் கிடைத்த சலுகையை மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருக்கிறார்கள்.

நான் கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் பாலிஷ் போடும் பட்டறைகளுக்குக் கணக்குப் பார்க்கும் அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். குவாரியில் இருந்து வரும் பெரிய கல்லின் பக்கவாட்டில் பெயிண்டால் ஒரு எண்ணும், நீளம், அகலம், உயரமும் எழுதியிருக்கும். ஒவ்வொரு கல்லுக்கும் இரண்டு அளவு உண்டு. டேப் வைத்து அளந்தால் வருவது மொத்த அளவு. மூலை உடைந்திருக்கும், நரம்பு ஓடியிருக்கும், அறுக்கும்போது சேதாரம் ஆகும் என்று ஒவ்வொரு பக்கத்திலும் சில சென்டிமீட்டர் கழித்தபின் வருவது நிகர அளவு. பணம் நிகர அளவுக்குத்தான். நியாயமான கழிவும் உண்டு, அநியாயமான கழிவும் உண்டு. காகிதத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கல்லை நேரில் பார்த்து, டேப்பைத் தானே பிடித்து அளக்கத் தெரிந்தவருக்குத்தான் எது எது என்று புரியும். கல்லை ஏற்றிச்செல்லும் அனுமதியான நடைச்சீட்டையும் விலைப்பட்டியலையும் மட்டும் புரட்டுகிற அதிகாரிக்கு ஒன்றும் தெரியாது. விற்கிறவரும் வாங்குகிறவரும் ஒரே குடும்பத்தின் இரண்டு நிறுவனங்களாக இருந்துவிட்டால், கழிவு எவ்வளவு என்பதை அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே முடிவு செய்துகொள்ளலாம்.

தாமிரத்தில் இதே வேலை உலக அளவில் நடக்கிறது. சுரங்கம் சாம்பியாவில்; விற்பது சுவிட்சர்லாந்தில் உள்ள சொந்தக் குழும நிறுவனத்துக்கு. சந்தை விலையைவிடக் குறைத்து விற்றால் லாபம் சாம்பியாவில் சுருங்கி, வரி குறைந்த இடத்தில் பெருகும். சாம்பிய வருவாய்த் துறை மோபானி சுரங்க நிறுவனத்தின் கணக்குகளைத் தணிக்கை செய்ய 2009 வாக்கில் வெளியில் இருந்து வல்லுநர்களை அமர்த்தியது. அதற்கான செலவை ஏற்றது நார்வே. அந்த வரைவு அறிக்கை 2011இல் கசிந்தது. அப்போது மோபானியில் பெரும்பங்கை வைத்திருந்த சுவிட்சர்லாந்தின் கிளென்கோர் நிறுவனம் அதன் முடிவுகளை மறுத்தது. வழக்கு இழுத்துக்கொண்டே போய், 2020 மே மாதம் சாம்பிய உச்ச நீதிமன்றம் வருவாய்த் துறையின் பக்கம் தீர்ப்பளித்தது. நிறுவனம் கட்ட வேண்டியதாக உறுதியான வரி ஏறத்தாழ 1.3 கோடி டாலர்.

உதவி நாடுகள் கட்டித் தந்த பள்ளிக்கூடங்களும் சாலைகளும் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். என்னைக் கேட்டால், டேப்பைப் பிடித்து அளக்கக் கற்றுக்கொடுத்த இந்த ஒரு உதவி அவற்றுக்கெல்லாம் மேல். இது படம் எடுத்துப் போட முடியாத உதவி. திறப்பு விழா கிடையாது, பெயர்ப் பலகை கிடையாது. ஒரு வரித்துறை ஊழியர் தன் நாட்டுத் தாமிரம் லண்டன் சந்தையில் அன்று என்ன விலைக்குப் போனது என்பதை ரசீதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார், அவ்வளவுதான். இங்கே ஒரு முரணையும் சொல்லிவிட வேண்டும். அதே மோபானியின் உருக்காலையைப் புதுப்பிக்க 2005இல் ஐரோப்பிய முதலீட்டு வங்கி வளர்ச்சிக் கடன் கொடுத்திருந்தது. ஐரோப்பாவின் ஒரு கை கடன் கொடுக்க, இன்னொரு கை தணிக்கைக்குப் பணம் கொடுத்திருக்கிறது. தணிக்கை கசிந்த பிறகு, கிளென்கோர் குழுமத்துக்குப் புதுக்கடன் இல்லை என்று அந்த வங்கி அறிவித்தது.

எங்கள் மாவட்டத்துக்கு வந்த வெளிநாட்டு உதவிகளில் எது நிலைத்தது என்று யோசித்தால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது குடிநீர்க் குழாய் அன்று. ஒரு நோட்டுப் புத்தகம். 1989இல், ரோம் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு வேளாண் மேம்பாட்டு நிதியத்தின் கடனுதவியோடு, அப்போது கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த தருமபுரி மாவட்டத்தில்தான் தமிழ்நாட்டு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. பிறகு சேலம், தென்னார்க்காடு, மதுரை, இராமநாதபுரம் என்று விரிந்தது. இன்று மாநிலம் முழுவதும் இருக்கும் மகளிர் சுய உதவிக் குழுக்களின் வித்து இங்கேதான் விழுந்தது என்பதை எங்கள் ஊர்க்காரர்களே பாதிப் பேர் அறிய மாட்டார்கள். பின்தங்கிய மாவட்டம் என்று கேட்டுக் கேட்டுப் பழகிய காதுகளுக்கு, முன்னால் போன ஒரு சங்கதி ஏறுவதில்லை போலும்.

என் அம்மா பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் அப்படிப்பட்ட ஒரு குழுவின் ஊக்குநராக இருந்தார். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். குழுவில் அவர் ஒருவருக்குத்தான் தடங்கலில்லாமல் எழுத வரும். அவருடைய தீர்மான நோட்டு இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது; நீள நோட்டு, அட்டை கிழிந்து நூலால் தைத்திருக்கும். கூட்டம் கூடிய இடம், வந்தவர்கள், சேமிப்பு எவ்வளவு, உள்கடன் கேட்டவர் யார், எதற்கு, எத்தனை தவணை. மாட்டுக்கு, மகள் சடங்குக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று காரணங்கள் வரிசையாக இருக்கும். கீழே கையெழுத்துகளும் பெருவிரல் ரேகைகளும். ஒரு பக்கத்தில், பழைய கடனைக் கட்டாதவருக்குப் புதுக்கடன் இல்லை என்று தீர்மானம் எழுதி, அதை அடித்துவிட்டு, அவர் கணவர் விழுந்து கால் முறிந்து கிடப்பதால் மூன்று மாதம் பொறுப்பது என்று மாற்றியிருக்கிறார்கள். ரோமில் இருந்து எந்த நிபுணர் வந்தாலும் இந்த அடித்தலை எழுதியிருக்க முடியாது. அவர்கள் கொண்டுவந்தது நோட்டு வைத்துக்கொள்ளும் வழக்கத்தை மட்டும்தான். யாருக்குக் கடன், யாருக்குப் பொறுமை என்பது குழுவின் முடிவு. "நம்ம காசு, நம்ம கணக்கு, எவன் வந்து கேட்டாலும் காட்டணும் கண்ணு" என்று அம்மா சொல்வார். வெளிநாட்டுப் பணம் 1998 வாக்கில் நின்றது. அதற்குள் மாநில அரசு மகளிர் திட்டம் என்று தன் சொந்தச் செலவில் அதைத் தொடங்கியிருந்ததால், பணம் நின்றது பெரும்பாலான பெண்களுக்குத் தெரியவே இல்லை. உதவி முடிந்ததே தெரியாமல் முடிவது எனக்குத் தெரிந்து மிக அரிது.

குழாய்த் திட்டம் அந்த அளவுக்கு வெற்றி என்று சொல்ல மாட்டேன். தண்ணீர் வராத நாட்களில் எங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டியில் ஆழ்துளைத் தண்ணீரையும் கலந்துதான் விடுகிறார்கள். பிறகு புளூரைடு எப்படிக் குறையும்? ஆனாலும் குழாயை இயக்குவது குடிநீர் வடிகால் வாரியம், மின்கட்டணம் கட்டுவது இங்குள்ள அரசு, சண்டை போட எங்களுக்கு வட்டார வளர்ச்சி அலுவலகம் இருக்கிறது. குறை சொல்லப் போவதற்கு ஊருக்குள்ளேயே ஒரு கதவு இருப்பது சிறிய விஷயமில்லை. சாம்பியாவில் சில சுரங்க நகரங்களில் மருத்துவமனையும் பள்ளியும் தண்ணீரும் முன்பு அரசுச் சுரங்க நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தவை. விற்பனைக்குப் பிறகு அவை நகராட்சிகளின் தலையில் விழுந்தன. நகராட்சிகளிடம் பணம் இல்லை. ஆகவே உதவி அமைப்புகள் வந்தன. குறை சொல்ல யாரிடம் போவது என்று தெரியாத நிலை அங்கேதான் பிறந்தது.

வெளியார் நிபந்தனை போட்டால் எல்லாம் நேராகிவிடும் என்பவர்கள் சாட் நாட்டைப் பார்க்கலாம். அங்கே எண்ணெய் எடுத்துக் கேமரூன் வழியாகக் கடலுக்குக் கொண்டுபோகும் குழாய்க்கு 2000இல் உலக வங்கி ஆதரவு கொடுத்தது. வருவாயின் பெரும்பங்கு கல்வி, சுகாதாரம் போன்ற துறைகளுக்கே போக வேண்டும், எதிர்காலத் தலைமுறைக்கு ஒரு நிதி ஒதுக்க வேண்டும் என்றெல்லாம் முன்கூட்டியே சட்டம் எழுதவைத்தார்கள். காகிதத்தில் அதைவிட அழகான ஏற்பாடு கிடையாது. எண்ணெய்ப் பணம் வரத் தொடங்கியதும், 2005 இறுதியில் அன்றைய அதிபர் இத்ரிஸ் டெபியின் அரசு சட்டத்தைத் திருத்தி, எதிர்கால நிதியைக் கலைத்து, பாதுகாப்பையும் முன்னுரிமைத் துறையாகச் சேர்த்துக்கொண்டது. உலக வங்கி கடனை நிறுத்தியது, சமாதானம் பேசியது, கடைசியில் 2008இல் சாட் அரசு கடனை முன்னதாகவே அடைத்துவிட்டு வங்கியை வழியனுப்பியது. எண்ணெய்ப் பணம் கையில் இருக்கும்போது நிபந்தனைக்கு என்ன மரியாதை? அந்தச் சட்டத்தை உள்ளூரில் யாரும் கேட்டு வாங்கவில்லை. ஆகவே அது போனபோது காப்பாற்றவும் யாரிடமும் போதிய வலு இல்லை. போட்ஸ்வானா இதற்கு நேர்மாறு: 1966இல் விடுதலை பெற்றபோது அரசின் அன்றாடச் செலவுக்கே பிரிட்டனின் மானியத்தை நம்பியிருந்த நாடு, வைர வருவாயைக் கறாராகப் பேரம் பேசிப் பெற்று, 1970களின் தொடக்கத்திலேயே அந்த மானியம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. வைரத்தையே நம்பியதன் விலையை இப்போது அதுவும் கொடுக்கிறது. அது தனிக் கதை.

ரயில் பாதைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1970 முதல் 1975 வரை சீனா வட்டியில்லாக் கடனில் கட்டிய தான்சானியா–சாம்பியா ரயில்பாதையின் நீளம் 1,860 கிலோமீட்டர். வெள்ளையர் ஆட்சியில் இருந்த தெற்கு வழியைத் தவிர்த்துத் தாமிரத்தைத் தாருஸ்ஸலாம் துறைமுகத்துக்குக் கொண்டுபோவதற்காகக் கட்டியது. உலக வங்கி இலாபமில்லை என்று ஒதுக்கிய பாதை அது. இன்று அதைப் புதுப்பிக்கச் சீனா மறுபடியும் வருகிறது. மேற்கே அங்கோலாவின் லொபிட்டோ துறைமுகத்தை நோக்கிய பாதைக்கு அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் பணம் போடுகின்றன. ஒன்று இந்தியப் பெருங்கடலுக்கு, மற்றொன்று அட்லாண்டிக்குக்கு. பாதை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? மொரப்பூரில் இருந்து தருமபுரி வழியாக ஓசூர் வரை ஓடிய குறும்பாதையை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிடுங்கிக்கொண்டு போனதை எங்கள் பெரியவர்கள் இன்னும் குறையாகப் பேசுவதைக் கேட்டு வளர்ந்தவள் நான். ஆனாலும் இரண்டு பாதைகளும் கனிமத்தை வெளியே கொண்டுபோகத்தான் போட்டி போடுகின்றன என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. தாமிரத்தைக் கம்பியாக இழுக்கும் ஆலைக்கு இந்த வேகத்தில் யாரும் பணம் போடக் காணோம்.

2012 முதல் 2015 வரை மூன்று தவணைகளில் சாம்பியா 300 கோடி டாலர் பன்னாட்டுக் கடன் பத்திரங்களை விற்றது. சீன வங்கிகளிடமும் கடன் ஏறியது. 2020 நவம்பரில் 4.25 கோடி டாலர் வட்டித் தவணையைக் கட்ட முடியாமல் நாடு தவறியது. தள்ளுபடி கிடைத்துப் பதினைந்து ஆண்டுகள்கூட நிம்மதியாக இருக்கவில்லை. 2025 பிப்ரவரி 18 அன்று, சாம்பிஷி அருகே சீன அரசு நிறுவனம் ஒன்றின் துணை நிறுவனத்துக்குச் சொந்தமான சுரங்கக் கழிவு அணை உடைந்து, அமிலக் கழிவு காஃபுவே ஆற்றின் கிளைகளில் கலந்தது. கிட்வே நகரத்தின் குடிநீர் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் அமெரிக்கத் தூதர், தங்கள் நாடு இலவசமாகக் கொடுத்த மருந்துகள் திருடப்பட்டுக் கடைகளில் விற்கப்படுவதாகச் சொல்லி, ஆண்டுக்கு 5 கோடி டாலர் மருந்து உதவியை வெட்டப்போவதாக அறிவித்தார். திருடியது குற்றம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் எச்.ஐ.வி. மருந்தும் மலேரியா மருந்தும் மறுபடி வேறொரு நாட்டின் நல்லெண்ணத்தைச் சார்ந்தே இருக்க, ஆண்டுக்கு எட்டு லட்சம் டன்னுக்கும் மேல் தாமிரம் எல்லையைத் தாண்டுகிறது. அந்தத் தாமிரத்துக்கும் இந்த மாத்திரைக்கும் நடுவில் இருக்க வேண்டிய பேரேடுதான் காணாமல் போயிருக்கிறது. மருந்துத் திருட்டுக்குக் கடைகளில் சோதனை போட்டார்கள். விலை குறைத்து எழுதிய ரசீதுக்குத் தீர்ப்பு வர ஏறத்தாழ பத்தாண்டுகள் ஆயின.

இதையெல்லாம் தூரத்தில் இருந்து வேடிக்கை பார்க்கும் நிலையில் இப்போது நாம் இல்லை. 1964இல் பிற நாட்டவருக்காகத் தொடங்கிய ஐடெக் பயிற்சித் திட்டம் முதற்கொண்டு இந்தியாவும் உதவி கொடுக்கும் நாடுதான். சாம்பியாவின் இடெழி-டெழியில் 120 மெகாவாட் நீர்மின் நிலையத்தை டாடா பவர் நிறுவனம் அந்நாட்டு மின்வாரியத்தோடு கூட்டாகக் கட்டியது. 2025இன் தொடக்கத்தில், கோபால்ட்டும் தாமிரமும் இருக்கிறதா என்று ஆராய இந்தியாவுக்கு 9,000 சதுர கிலோமீட்டர் நிலத்தை ஒதுக்க சாம்பியா ஒப்புக்கொண்டதாகச் செய்தி வந்தது. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் வரிசையாக வெளியே வரும் மின்சார ஸ்கூட்டர்களின் மோட்டாருக்குள் சுற்றியிருப்பது தாமிரக் கம்பி. தூத்துக்குடியின் உருக்காலை 2018இல் பதின்மூன்று உயிர்கள் போன துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு மூடப்பட்டதில் இருந்து, நாட்டுக்குத் தேவையான தாமிரத்தில் ஒரு பகுதியை வெளியில் வாங்க வேண்டியிருக்கிறது. அந்த ஆலையை நடத்திய குழுமமே சாம்பியாவின் கொங்கோலா சுரங்கங்களிலும் பெரும்பங்கை வைத்திருக்கிறது என்பதும், அந்தச் சுரங்கக் கழிவால் பாதிக்கப்பட்ட சாம்பியக் கிராமத்தார் இங்கிலாந்திலேயே வழக்குத் தொடரலாம் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2019இல் சொன்னது என்பதும் நம்மில் பலர் கவனிக்காதவை.

ஆகவே அந்த 9,000 சதுர கிலோமீட்டருக்கு ஒப்பந்தம் எழுதும் மேசையில் கொடுக்கிறவர் நாற்காலியில் உட்காரப்போவது நம் ஊர்க்காரராகவும் இருக்கலாம். ஆய்வில் கிடைக்கும் மண் மாதிரிகளின் விவரம் சாம்பியாவின் நிலவியல் துறைக்கும் முழுதாகப் போய்ச் சேருமா, தாது அப்படியே கப்பல் ஏறுமா அல்லது அங்கேயே உருக்கப்படுமா, வேலை முடிந்தபின் குழியை மூடுவதற்கான பணத்தை முதல் நாளே வங்கியில் கட்டிவைப்பார்களா, விலையை எந்தச் சந்தையின் எந்த நாள் விலையோடு ஒப்பிடுவது என்று எழுதியிருக்கிறதா, இதையெல்லாம் இரண்டு நாட்டு மக்களும் பணம் கொடுக்காமல் படிக்க முடியுமா? கிருஷ்ணகிரியில் 2015ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி அமைந்த மாவட்டக் கனிம அறக்கட்டளை எந்தக் கிராமத்துக்கு என்ன செலவு செய்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்க எனக்கு வழி இருக்கிறது, கேட்டும் இருக்கிறேன். சாம்பியாவில் அதற்கு ஈடான தகவல் பெறும் சட்டம் 2023 டிசம்பரில்தான் கையெழுத்தானது. அந்தச் சட்டத்தின் கீழ் வரும் முதல் சில மனுக்களில் நம் நாட்டு ஒப்பந்தத்தைக் கேட்கும் மனு ஒன்றும் இருந்தால், அதற்கு முழுப் பதில் கொடுக்கச் சொல்லி இங்கிருந்து ஒரு கடிதம் போக வேண்டும் என்பது என் விருப்பம்.